பிரிக்காத வரிசை

…கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் தீர்ந்தது, ஐந்து மாத வேலை, ஒன்பது உருண்டை கம்பளி நூல், வெட்டிவிட்டு எழுந்து குளிக்கப் போகவேண்டியதுதான், ஆனால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், என்னவோ நூலை வெட்டினால் ரத்தம் வரும் என்பதுபோல… மணி ஏழரை. பதினொரு மணிக்கு லேபில் என்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும், பத்து நிமிஷ வேலை என்றார் மேனேஜர். பத்து நிமிஷத்தில், பென்சில் என்று நாங்கள் கூப்பிடுகிற அந்தப் பெண்ணின் வேலை போகும், அல்லது மேனேஜரின் வேலையும் கூடவே என்னுடையதும் போகும், அதை அவர் சொல்லவில்லை, அது நானாகப் புரிந்துகொண்டது. வெட்டு, வெட்டித் தொலை. வெட்டினேன். ரத்தமும் வரவில்லை ஒன்றும் வரவில்லை. சாம்பல் கலந்த நீலத்தில் சால்வை மடியிலிருந்து தரைவரை வழிந்து கிடக்கிறது, வரிசைக்குப் பன்னிரண்டு பின்னல் இலைகள், கடையில் விற்கிற சால்வையைவிட நன்றாகவே வந்திருக்கிறது, பொய் சொல்வானேன். எனக்கென்று நான் பின்னிய முதல் பொருள். வீட்டுக்காரருக்கு இரண்டு ஸ்வெட்டர், மகளுக்கு எத்தனையோ, லேபில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஒரு குல்லா, மேனேஜரின் பேத்திக்குக்கூட மஞ்சளில் ஒரு குல்லா, அந்தப் படத்தை அவர் இன்னும் போனில் வைத்திருக்கிறார், ஆனால் என் தோளுக்கு இருபது வருஷமாக ஒன்றும் இல்லை. லேபில் மெஷின்களுக்காக வருஷம் முழுக்க ஏசியைக் குறைக்கவே மாட்டார்கள், பதிவு மேஜையில் உட்கார்ந்து விறைக்கிறவள் நான், முடிக்கிற அன்றைக்கே போட்டுக்கொண்டு வருவேன் என்று எல்லாரிடமும் தம்பட்டம் அடித்திருக்கிறேன். போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். போட்டுக்கொள்வேனா?

அந்த இலை மட்டும் இல்லையென்றால். நடுவில், கொஞ்சம் மேலே, வலப்பக்கத்திலிருந்து நான்காவது இலை, மற்றதெல்லாம் நேராக நிற்க இது மட்டும் தூங்கி விழுகிற ஆள்போல இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்ற விட்டுப்போனது, அதனால் ஒரு கண்ணி குறைந்தது, திரும்பி வருகிற வரிசையில் எண்ணிக்கை இடித்தபோது ஒரு கண்ணியைக் கூடுதலாக உருவாக்கிச் சரிக்கட்டிவிட்டேன். சரிக்கட்டினேன்! நான்! ஒரு கண்ணி தப்பினால் ஒரு முழம் பிரிக்கிறவள் நான், லேபில் இது ஊரறிந்த சங்கதி, இவருடைய இரண்டாவது ஸ்வெட்டரை அக்குளில் ஒரு சின்னத் தவறுக்காக இடுப்புவரை பிரித்தேன், அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பழையதையே போட்டுக்கொண்டு முணுமுணுத்தார். இதை மறுநாளே பார்த்துவிட்டேன். பிரிக்க உட்கார்ந்தேன். ஊசியை உருவுகிறவரை வந்துவிட்டு, மறுபடி சொருகிக்கொண்டு மேலே பின்ன ஆரம்பித்தேன். ஏன்? ஐந்து வாரமாக இதே கேள்வி. சோம்பலா, அப்போது எனக்கென்ன தெரியும், அன்றைக்கு இன்னும் ஒன்றுமே நடந்திருக்கவில்லையே, எங்கள் லேபில் ரத்தம் கொடுத்த அந்தத் தையல்காரர் அப்போதுதான் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்… தெரியாது. நிஜமாகவே தெரியாதா? சரி, அந்த இலைகூட யார் கண்ணிலும் படாது, பட்டாலும் இலை எப்போது சாய்ந்தது என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் வழியில்லை, ஏனென்றால் அந்த இலைக்கு நாலு வரிசை கீழே நிறம் மாறுகிறது. ஆறாவது உருண்டை. அதே கம்பெனி, அதே எண், ஆனால் வேறு தடவை சாயம் ஏற்றியது, ஒரு நூல் அளவு கருத்தது, வெயிலில் பிடித்தால்தான் தெரியும். அதை வாங்கிவந்து கொடுத்தது பென்சில். என் கடையில் தீர்ந்துபோய்விட்டது என்று புலம்பினேன், அவள் வீட்டுப் பக்கத்துக் கடையில் தேடி எடுத்து அன்றைக்குக் காலையில் பதிவு மேஜையில் வைத்தாள், காசு வேண்டாம் அக்கா, எனக்கொரு குல்லா பின்னிக் கொடுங்க போதும் என்றாள். அன்றைக்குக் காலையில். மத்தியானம் சாப்பாட்டு அறையில் அந்த உருண்டையைத்தான் சேர்த்தேன். நாலு வரிசை போனேன். ஐந்தாவதில் மேனேஜரும் பென்சிலும் உள்ளே வந்தார்கள்.

பென்சில் என்றால் லேபில் ரத்தம் பரிசோதிக்கிற பெண், ஒல்லி, எப்போதும் காதுக்குப் பின்னால் ஒரு பென்சில், மெஷின் காட்டுகிற எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தாளிலும் எழுதிவைக்கிற சந்தேகப் பிராணி. மேனேஜர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே வந்தார், அவள் பின்னாலேயே வந்தாள். காலையிலிருந்து பொட்டாசியம் எல்லாருக்கும் குறைவாகவே காட்டுகிறது சார், மெஷின் சரியில்லை, நிறுத்திவிட்டுச் சரிபார்க்கணும், அதுவரை ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது என்றாள். மூன்று மணி நேரம் ஆகும், ரிப்போர்ட்டுக்காக இருபது பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், நாளைக்குச் சர்வீஸ் ஆள் வருவான் என்றார் அவர். அவள் மறுபடியும் சொன்னாள், அவர் கத்தவில்லை, அவர் கத்துகிற ஆளே இல்லை, சலித்துப்போய்ச் சொன்னார்: "நான் பாத்துக்கறேன், நீ கையெழுத்தப் போடும்மா." அந்த 'பாத்துக்கறேன்'னில்தான் ஊசிமேல் அந்த ஒரு சுற்றைத் தவறவிட்டேன். கை அப்படியே அடுத்த கண்ணிக்குத் தாவிவிட்டது. மூன்றடி தூரம்கூட இல்லை எனக்கும் அவர்களுக்கும். அவள் என்னைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் அக்கா என்கிற பார்வை, நான் குனிந்துகொண்டேன், உதட்டை அசைத்தேன், நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று… அவள் போய்க் கையெழுத்துப் போட்டாள். அந்த இருபது பேரில் ஒருவர் தையல்காரர். உடம்பில் இல்லாத குறைவுக்கு டாக்டர் மருந்து ஏற்றினார், மூன்றாம் நாள் இதயம் தடுமாறி விழுந்தார், ஒன்பது நாள் தீவிர சிகிச்சை, பிழைத்துக்கொண்டார், ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லையாம், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். இதைச் சொன்னது அவர் மகள், என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, நான்தான் அவள் புகாரைப் பதிவு செய்து ரசீது கொடுத்தேன். கை நடுங்குகிற தையல்காரர். நானும் ஊசி பிடிக்கிறவள்தானே.

குளித்து, உடுத்தி, கண்ணாடி முன்னால் நிற்கிறேன். தோளில் போட்டால் சாய்ந்த இலை முதுகுக்கு நேராக வருகிறது. முன்பக்கம் மடித்துப் போட்டால் வலது மார்பில், எதிரில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக. ஒரு சுற்றுச் சுற்றி இடது அக்குளுக்குள் செருகினால் மறைகிறது, ஆனால் கையைத் தூக்கினால் எட்டிப்பார்க்கிறது, கையெழுத்துப் போடும்போது நான் கையைத் தூக்குவேனா, வலது கைதானே, இடது கை சும்மா இருக்கும்… இந்த அழகில் என்னை யாராவது பார்த்தால் நகையைத் திருடி ஒளித்து வைக்கிறவள் என்றே நினைப்பார்கள். போட்டுக்கொள்ளாமல் போனால் என்ன? போனால், எங்கே அக்கா சால்வை, முடிக்கலையா என்று கேட்பார்கள், விசாரணை நடக்கிற அறை மெஷின்களை ஒட்டிய அறை, பத்து நிமிஷத்தில் பல் கிட்டிவிடும், நான் நடுங்குவேன், நடுங்கினால் பயந்து நடுங்குகிறாள் என்பார்கள். பயம்தான். அதற்காக அது தெரியவேண்டுமா? இவர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார், லிஃப்ட் மெக்கானிக், இன்றைக்கு எட்டாவது மாடியில் நின்றுபோன ஒன்றை இறக்கவேண்டுமாம். என்ன சொல்லப்போற அங்கே என்று கேட்டார், ஷூவைப் பார்த்துக்கொண்டே கேட்டார், அவருக்கு எல்லாம் தெரியும், தையல்காரர் விழுந்த சேதி வந்த அன்றே சொல்லிவிட்டேன். என்னை அறியாமல் உதடு அசைந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார். "அதான் முடிஞ்சிருச்சே," என்றார், "இன்னும் என்ன எண்ணுற?"

இருபது வருஷக் குடித்தனத்தில் இந்த நடிப்பு அவருக்குத் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன். நான் எண்ணுவதே இல்லை. விரல்தான் எண்ணுகிறது, அது பாட்டுக்குப் போகும், பன்னிரண்டு இலை, இரண்டு கண்ணி சேர்த்து ஒன்று, ஒரு சுற்று, மூன்று நேர், மனசுக்கு அதில் வேலையே கிடையாது. காது முழுக்கத் திறந்தே இருக்கும். கல்யாணமான புதிதில் இவருடைய அம்மா, என் மாமியார், ஏதாவது குத்திப் பேசினால் உதட்டை அசைத்து நாற்பத்திரண்டு நாற்பத்திமூன்று என்பேன், பாவம் எண்ணுகிறாள் என்று விட்டுவிடுவார், அப்படித் தொடங்கியது. பிறகு லேபில் அதுவே என் அடையாளம் ஆகிவிட்டது. யார் வேலையை விடப்போகிறார்கள், யாருக்கு யார்மேல் கண், யார் முழுகாமல் இருக்கிறாள், எல்லாம் எனக்கு முன்னால்தான் பேசுவார்கள், நான் ஒரு சுவர். எனக்கு அது பிடித்திருந்தது, சொல்லப்போனால் ருசித்தேன், எல்லாம் தெரிந்த சுவர். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை, அதனால் நல்லவள் என்று பெயர் வேறு. போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார், என்னையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார், அங்கே நீங்களும் இருந்தீர்களாமே, அந்தப் பெண் சொல்கிறாளே, ஏதாவது கேட்டீர்களா என்று போனில் ஒரு பெண் குரல். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் சிரித்தார். "அவங்க எண்ண ஆரம்பிச்சா இடி விழுந்தாலும் கேக்காது மேடம்." நான் தலையை ஆட்டினேன். போனுக்குத் தலையாட்டல் தெரியாது. அப்படியா என்று அந்தக் குரல் கேட்டது, மேனேஜர் ஆமாம் என்றார். அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே! யாரிடம் இந்த வழக்காடல், எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்குத் தான் எழுதிவைத்த தாளைப் பென்சில் காட்டினாளாம், இதை எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே என்று ஒதுக்கிவிட்டார்களாம். அதன்பிறகு அவளுக்கு இருப்பது நான் ஒருத்திதான்.

சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனால் பைத்தியம் என்பார்கள், அதுவும் ஒரு சாக்கு. மடியில் வைத்த பையிலிருந்து ஒரு முனை வெளியே வந்துவிட்டது, பக்கத்து சீட்டுப் பெண் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்த்து, ரொம்ப நல்லாயிருக்கு, நீங்களே பின்னினதா என்றாள். இல்லை, வாங்கினது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்! ஐந்து மாதம் உட்கார்ந்து பின்னியதை வாய் கூசாமல் வாங்கினது என்கிறேன், என் கைவேலையைச் சொல்லிக்கொள்ளக்கூடப் பயமா, அவள் என்ன பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஆறாவது உருண்டையைத் தேடப்போகிறாளா. மேனேஜர் மட்டும் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். மகளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன வருஷம், நான் கேட்கவே இல்லை, அவராகவே காலை நேர வேலையாக மாற்றிக் கொடுத்தார், எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடின நாளெல்லாம் என் மேஜையில் அவரே உட்கார்ந்து பேர் பதிந்தார், எழுத்துப் பிழையோடு. இன்றைக்கு என் மகள் படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறாள். அந்த மனுஷனுக்கு எதிராக நான் வாயைத் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இனி எந்த லேபிலும் வேலை கிடைக்காது, தப்பான ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் என்று எழுதிவிடுவார்கள், எழுதினால் எழுதியதுதான். அவருக்கும் பயம் இருக்குமல்லவா, ஒரு நாள் சலிப்பில் சொன்ன ஒரு வாக்கியம், அவர் அதை உண்மையாகவே மறந்துவிட்டிருந்தால்? மறக்கவில்லை. மறந்தவர் அவ்வளவு சீக்கிரம் சிரிக்கமாட்டார். என் நிறுத்தம் வந்து, தாண்டி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

லேப் கதவைத் தள்ளியதுமே குளிர் கையைக் கவ்வியது. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று சால்வையை எடுத்தேன், போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன், இடது அக்குளுக்குள் செருகினேன். மாடி நடைபாதையில் அந்த அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச், அதில் பென்சில். விசாரித்து அனுப்பியிருக்கிறார்கள் போல, கண் சிவந்திருக்கிறது, காதுக்குப் பின்னால் பென்சில் இல்லை, அதில்லாமல் அவள் முகம் யாரோபோல இருந்தது. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, முடிச்சுட்டீங்களா, பிரமாதம், இனி ஏசியைப் பத்திப் புகார் வராது என்றார், போகிற போக்கில் குரலைத் தாழ்த்தி, "உள்ளதச் சொல்லுங்க, பயப்படாதீங்க," என்றார். உள்ளதை. அவர் நடந்து போவதையே பார்த்தேன், கழுத்துப்பட்டையின் பின்பக்கம் வியர்வை, இந்தக் குளிரில். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கலாம். என் கால் என்னைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார வைத்தது. பின்னால் ஜன்னல், பதினொரு மணி வெயில் நேராகத் தோளில் விழுந்தது, அதை நான் யோசிக்கவே இல்லை.

கை சும்மா இருக்கமுடியாதவள்போல அவள் சால்வையின் ஓரத்தை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள், பழக்கம், தினமும் மத்தியானம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கிறவள்தானே. நான் விட்டேன். இழுத்துக்கொண்டிருக்கலாம், விட்டேன், அக்குளிலிருந்து துணி உருவிக்கொண்டு வருவது தெரிந்தும் கையை இறுக்கவில்லை. விரல் நடுவுக்கு வந்தது, நிறம் மாறுகிற கோட்டில் நின்றது. என் உருண்டை என்றாள் மெதுவாக, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தக் கோட்டிலிருந்து மேலே ஒவ்வொரு வரிசையாக நகம் ஏறியது, சந்தேகப் பிராணி, எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் விடமாட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் குறுக்கே நகர்ந்தது. சாய்ந்த இலையில் வந்து நின்றது. நெடுநேரம் நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த பார்வை இல்லை, கெஞ்சல் எதுவும் அதில் இல்லை, ரிப்போர்ட்டைப் படிக்கிற பார்வை.

"அக்கா, இத நீங்க பிரிக்கலையா?"

உதடு தானாக அசைய ஆரம்பித்தது, நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று… அவள் அதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், போகட்டும் என்று விடவில்லை, திரும்பிக்கொள்ளவில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எண்ணுங்கள் என்பதுபோல இலைமேல் விரலை வைத்தபடியே காத்திருந்தாள், முடிந்த சால்வையில் எண்ண என்ன இருக்கிறது, நாற்பத்திநான்கு என்கிற இடத்தில் வாய் நின்றுபோனது. பிரிக்கவில்லை, ஏனென்றால் பிரித்திருந்தால்… பிரித்திருந்தால் எனக்கும் அது நடக்காததாகிப் போயிருக்கும், அதை என் கை விரும்பவில்லையா, கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதா? அறைக் கதவு திறந்தது, பதிவு மேஜை மேடம் வாங்க என்று ஒரு பெண் குரல், போனில் கேட்ட அதே குரல். எழுந்தேன். சால்வையின் முனை இன்னும் பென்சிலின் கையில் இருந்தது, அவள் விட்டதும் அது தோளிலிருந்து முன்னால் சரிந்து தொங்கியது, நான் இழுத்துச் செருகவில்லை.

"கேட்டுச்சு," என்றேன் அவளிடம்.

அவளுக்கு மட்டும் எட்டுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. கதவுக்கு ஆறேழு அடி இருந்தது. உள்ளே அதே வார்த்தை எவ்வளவு சத்தமாக வரும், வருமா என்று எனக்கு இன்னும் தெரியாது.